கலிபோர்னியா அரசின் உபரி எங்கே போனது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "2022-ல் கலிபோர்னியா அரசிடம் கிட்டத்தட்ட 10,000 கோடி டாலர் உபரி என்றார்கள். எங்கள் வீட்டுக்குக்கூட 750 டாலர் வந்தது. அடுத்த வருடம் முடிவதற்குள் பெரும் பற்றாக்குறை என்கிறார்கள். அவ்வளவு பணத்தையும் யார் தின்றார்கள்? சான் ஹோசேயில் ஐ.டி. வேலை பார்க்கும் எங்களை இது எப்படிப் பாதிக்கும்?"

யாரும் தின்னவில்லை. அந்த உபரியில் பெரும்பகுதி ஒருமுறை வந்த வெள்ளம். மறு வருடம் ஆறு வழக்கம்போல ஓடும் என்று நினைத்திருந்தார்கள், ஆனால் தண்ணீர் வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டது. நான் மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில் இருபது வருடத்துக்கும் மேலாக இருக்கிறேன். மாநிலத்தின் வரவு செலவைப் படிப்பதே என் தொழில். இந்தக் கதை இதற்கு முன் இரண்டு முறை நடந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பணம் வரும் வழி. நம் ஊரில் வருமான வரி மத்திய அரசுக்குரியது. விவசாய வருமானத்தைத் தவிர வேறு எதன் மேலும் மாநிலங்கள் வருமான வரி போட முடியாது. அமெரிக்காவில் மாநிலங்களும் தனியாக வருமான வரி போடலாம். டெக்சாஸ், புளோரிடா போன்றவை போடுவதில்லை. கலிபோர்னியா போடுகிறது, அதுவும் அழுத்தமாகவே போடுகிறது. மாநிலத்தின் பொது நிதிக்கு, அதாவது அன்றாடச் செலவுக்கான முக்கியக் கஜானாவுக்கு, வரும் வரவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனிநபர் வருமான வரிதான். 1950-களில் இப்படி இல்லை. அப்போது விற்பனை வரிதான் பெரிய தூண். வீட்டுக்கு வீடு சோப்பும் சட்டையும் வாங்கும்வரை விற்பனை வரி வந்துகொண்டே இருக்கும், மந்தம் வந்தால் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

வருமான வரியின் மேல் விகிதம் 12.3 விழுக்காடு. பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள், 2004-ல் வாக்காளர்கள் மனநல சேவைக்காகக் கொண்டுவந்த ஒரு விழுக்காட்டையும் சேர்த்து, 13.3 கட்ட வேண்டும். பங்கையோ நிலத்தையோ நெடுநாள் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு மத்திய அரசு குறைந்த வரி போடுகிறது. கலிபோர்னியாவில் அந்தச் சலுகை இல்லை. சம்பளமும் பங்கு லாபமும் இங்கே ஒரே தட்டில்தான். இதன் விளைவாக, வருமானத்தில் உச்சியில் இருக்கும் நூற்றில் ஒருவர் மட்டும் மொத்த வருமான வரியில் 40 முதல் 50 விழுக்காடு வரை கட்டுகிறார்கள். ஏறத்தாழ 3.9 கோடிப் பேர் வாழும் மாநிலத்தின் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இரண்டு லட்சத்துக்கும் குறைவான வரிப்படிவங்களை நம்பி நிற்கின்றன.

அந்தப் படிவங்களில் இருக்கும் வருமானம் மாதச் சம்பளம் போன்றதல்ல. பங்கு ஏறும்போது விற்பார்கள், இறங்கும்போது கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். விற்காதவரை லாபம் என்று எதுவும் கிடையாது, வரியும் கிடையாது. எனவே பங்குச் சந்தை கால்வாசி சரிந்தால் வரவும் கால்வாசிதான் குறையும் என்று நினைக்கக் கூடாது. லாபம் என்ற ஒன்றே மறைந்துபோகலாம்.

உங்கள் சம்பளச் சீட்டிலேயே இதைப் பார்க்கலாம். நிறுவனம் சம்பளத்தோடு தருவதாகச் சொன்ன ஆர்.எஸ்.யூ. பங்குகளில் ஆயிரம் இந்த மாதம் வெஸ்ட் ஆகின்றன, அதாவது உங்களுக்கே சொந்தமாகின்றன என்று வைத்துக்கொள்வோம். பங்கு விலை 300 டாலர். அன்றே மூன்று லட்சம் டாலர் உங்கள் சம்பளமாகக் கணக்கில் ஏறும். இப்படிப்பட்ட தொகைக்கு மாநிலம் பிடிக்கும் விகிதம் 10.23 விழுக்காடு. ஆக 30,690 டாலர் சாக்ரமெண்டோவுக்குப் போய்விடும். அடுத்த வருடம் அதே நாளில் விலை 100 டாலர் என்றால் போவது 10,230. நீங்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைத்தான் பார்த்தீர்கள். மாநிலத்துக்குப் போன பணம் மட்டும் மூன்றில் ஒன்றாகிவிட்டது. கற்பனைக் கணக்குதான், ஆனால் மிகைப்படுத்தியது அல்ல. 2022 தொடக்கத்தில் 330 டாலருக்கு மேல் இருந்த மெட்டா பங்கு அதே ஆண்டு நவம்பரில் 90 டாலருக்குக் கீழே போனது. சான் ஹோசே, சான் பிரான்சிஸ்கோ அடங்கிய பே ஏரியாவில் நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ அந்த வருடம் வீடு வாங்கும் யோசனையைத் தள்ளிப்போட்டன. மாநில அரசுக்கும் அதே அடிதான் விழுந்தது.

வரவு ஏறி இறங்குவது மட்டும் ஆபத்து இல்லை. ஏறிய வருடத்தில் கொடுக்கும் வாக்குதான் ஆபத்து. என் பதிலின் உயிர் இந்த இடத்தில் இருப்பதால், 1998-க்குப் போய் அங்கிருந்து வருகிறேன்.

இணைய நிறுவனங்களின் பங்குகளை எல்லோரும் போட்டி போட்டு வாங்கிய டாட்காம் காலம். பங்குகள் வானத்தில் பறந்தன. கஜானா நிரம்பியது. வாகனம் வைத்திருப்போர் ஆண்டுதோறும் கட்டும் உரிமக் கட்டணம் அப்போது வண்டி மதிப்பில் 2 விழுக்காடு. பணம்தான் கொட்டுகிறதே என்று 1998-ல் அதைக் குறைக்கச் சட்டம் போட்டார்கள். படிப்படியாகக் குறைத்து 0.65-க்குக் கொண்டுவந்தார்கள். இந்தக் கட்டணம் உள்ளாட்சிகளுக்குப் போக வேண்டிய பணம். அந்த இழப்பை மாநிலமே ஈடுகட்டும் என்று உறுதியும் கொடுத்தார்கள். அதாவது ஆண்டுக்கு ஆண்டு நிலையாக வரும் ஒரு வரியை வெட்டிவிட்டு, அந்த ஓட்டையை அடைக்க நிலையில்லாத பங்கு லாபத்தை நம்பினார்கள். 1999-ல் அரசு ஊழியர் ஓய்வூதியத்தையும் உயர்த்தினார்கள். நெடுஞ்சாலைக் காவலர்கள் 50 வயதில், பணி செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 3 விழுக்காடு என்ற கணக்கில் ஓய்வு பெறலாம். முப்பது வருடப் பணிக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு. முதலீட்டு வருவாயே இதைப் பார்த்துக்கொள்ளும், கூடுதல் செலவு வராது என்று ஓய்வூதிய நிதியம் அப்போது சட்டமன்றத்துக்குச் சொன்னது.

குமிழி உடைந்தது. பங்கு லாபத்திலிருந்தும் ஊழியர் பங்குரிமையிலிருந்தும் 2000-01-ல் வந்த வரி ஏறத்தாழ 1,700 கோடி டாலர். இரண்டே ஆண்டில் அது சுமார் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. 2003-ல் ஆளுநர் கிரே டேவிஸ் வாகனக் கட்டணத்தை மறுபடி பழைய 2 விழுக்காட்டுக்கே ஏற்றினார். புது வரி எதையும் அவர் போடவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த பில்லில் தொகை மூன்று மடங்கு. மக்கள் கண்ணில் அது மட்டும்தான் பட்டது. மின்சார நெருக்கடியின் கோபம் ஏற்கெனவே இருந்தது, இதுவும் சேர்ந்துகொண்டது. அக்டோபர் 7-ஆம் தேதி வாக்காளர்கள் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். நவம்பரில் பதவியேற்ற அர்னால்டு ஸ்வார்செனேகர் முதல் நாளே அந்த உயர்வை ரத்து செய்தார். ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டாலர் போனது. பற்றாக்குறையை மூட 1,500 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட வாக்காளர்களே 2004-ல் அனுமதித்தார்கள். அந்தக் கடன் முழுதும் அடைபட்டது 2015-ல். ஓய்வூதியச் சுமையோ இன்னும் தீரவில்லை. பணியில் இருப்பவருக்கு ஒருமுறை கொடுத்த ஓய்வூதிய உறுதியைப் பின்னால் பறிக்க இங்கே சட்டம் எளிதில் இடம் தராது.

வரவு மேலே போகும்போது கொடுப்பது எளிது. கீழே வரும்போது திரும்பப் பெறுவது ஒரு ஆளுநரின் பதவியையே பறிக்கும். 1998-ல் கட்டணத்தைக் குறைத்தவர்கள் கெட்ட நோக்கத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கையில் காசு இருக்கும்போது மக்களுக்குத் திருப்பிக் கொடுப்பது நியாயமாகத்தான் தெரியும். அந்தக் காசு எத்தனை வருடம் வரும் என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது முறை 2009. ஒரே நிதியாண்டில் பொது நிதி வரவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. அந்த ஜூலை மாதம் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். வருமான வரியில் அவருக்குத் திரும்ப வரவேண்டிய தொகை. பார்க்கக் காசோலை போலவே இருந்தது. மேலே மாநிலக் கணக்காளரின் பெயர், கீழே தொகை. ஆனால் 2009 அக்டோபர் 2-ல்தான் பணம் தரப்படும், அதுவரை ஆண்டுக்கு 3.75 விழுக்காடு வட்டி. சுருக்கமாகச் சொன்னால், உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்றான மாநிலம் தன் மக்களுக்குக் கைமாற்றுச் சீட்டு எழுதிக் கொடுத்தது. பெரிய வங்கிகள் ஜூலை 10 வரை வாங்கிக்கொண்டு பிறகு நிறுத்திவிட்டன. அவர் அதை எடுத்துக்கொண்டு ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போனார். சுமார் நாலரை லட்சம் சீட்டுகள், 260 கோடி டாலர். செப்டம்பரிலேயே பணம் கொடுக்கத் தொடங்கினார்கள் என்பது வேறு விஷயம். ஊதியமில்லா விடுப்பு என்று அரசு ஊழியர்களை மாதம் மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் கட்டணத்தை 32 விழுக்காடு உயர்த்தியது. அந்த வருடம் கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளைகள் பங்குச் சந்தையில் ஒரு பைசாகூடப் போட்டதில்லை.

வரவு நிலையில்லாமல் இருப்பதில் எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான். வேலை போய், காப்பீடு போய், மக்கள் அரசின் கதவைத் தட்டும் நேரமும் கஜானா காலியாகும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. மத்திய அரசு கடன் வாங்கிச் சமாளிக்கும், தேவையானால் டாலரையே அச்சடிக்கும். மாநிலத்துக்கு அந்த வசதி இல்லை. வரவும் செலவும் சரிக்கட்டிய பட்ஜெட்டைத்தான் நிறைவேற்ற வேண்டும் என்பது அரசமைப்பிலேயே இருக்கிறது.

அந்த அடிக்குப் பிறகுதான் புத்தி வந்தது. 2014-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் முன்னின்று கொண்டுவந்த இரண்டாம் எண் முன்மொழிவை (மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டு முடிவு செய்யும் சட்டத் திட்டம்) வாக்காளர்கள் ஏற்றார்கள். அதன்படி ஆண்டுதோறும் பொது நிதி வரவில் 1.5 விழுக்காட்டை எடுத்து வைக்க வேண்டும். அதோடு, பங்கு லாபம் போன்ற மூலதன ஆதாயத்தின் மேல் வரும் வரி, பொது நிதி வரியில் 8 விழுக்காட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் ஒதுக்க வேண்டும். இதில் பாதி பழைய கடனுக்கு, பாதி சேமநிதிக்கு. ஆளுநர் நிதி நெருக்கடி என்று அறிவித்தால்தான் அதைத் தொட முடியும். எந்த வரவு வெள்ளம், எந்த வரவு ஊற்று என்று பிரித்துப் பார்க்கும் விதியைச் சட்டத்திலேயே வைத்தார்கள். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

இனி நீங்கள் கேட்ட வருடங்கள். 2020 மே மாதம், பெருந்தொற்று பரவியபோது, 5,430 கோடி டாலர் பற்றாக்குறை வரும் என்று அரசு கணித்தது. ஊழியர் சம்பளத்தை வெட்டினார்கள், பள்ளிகளுக்குத் தர வேண்டியதைத் தள்ளிப்போட்டார்கள். நடந்தது தலைகீழ். உணவகத்திலும் கடையிலும் வேலை பார்த்தவர்களுக்கு வேலை போனது. மடிக்கணினியில் வேலை பார்த்தவர்களுக்குப் பங்குகள் ஏறின. வரி பெரும்பாலும் வருவது இரண்டாம் கூட்டத்திடமிருந்து என்பதால் கஜானா வழிந்தது. 2022 மே மாதம் ஆளுநர் கேவின் நியூசம் 9,750 கோடி டாலர் உபரி என்றார். உங்கள் வீட்டுக்கு வந்த 750 டாலர் அதிலிருந்து மக்களுக்குக் கொடுத்த 950 கோடியில் ஒரு பகுதி. நியாயமாகச் சொல்ல வேண்டும், 1998-ஐவிட இந்த முறை கவனமாகவே இருந்தார்கள். பெரும்பகுதியை ஒருமுறைச் செலவாக வைத்தார்கள். உங்களுக்கு வந்ததும் ஒருமுறைதான். வரி விகிதத்தை நிரந்தரமாக வெட்டவில்லை.

பிறகு 2022-ல் சந்தை சரிந்தது. அதைக் கணக்கில் பார்ப்பதற்குள் மழை குறுக்கிட்டது. 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் அடித்த புயல்களால், மாநிலத்தின் 58 மாவட்டங்களில் 55-க்கு வருமான வரிக் கெடுவை மத்திய அரசு அக்டோபருக்குத் தள்ளியது, மாநிலமும் தள்ளியது. வழக்கமாக ஏப்ரலில் வரும் பணத்தைப் பார்த்துத்தான் மே மாதம் பட்ஜெட்டைத் திருத்துவார்கள். ஜூன் 15-க்குள் நிறைவேற்றியாக வேண்டும். அந்த வருடம் ஏப்ரல் பணம் வரவே இல்லை. கணிப்பை மட்டும் வைத்துக்கொண்டு சுமார் 30,000 கோடி டாலர் பட்ஜெட்டை நிறைவேற்றினார்கள். இலையுதிர்காலத்தில் படிவங்கள் வந்தபோதுதான் 2022-23-ல் வருமான வரி வசூல் 25 விழுக்காடு வீழ்ந்திருந்தது தெரிந்தது. முடிந்துபோன வருடத்தின் வரவு மட்டுமே எண்ணியதைவிட 2,600 கோடி குறைவு. அந்தப் பணம் ஏற்கெனவே செலவாகியிருந்தது. சட்டமன்றத்தின் பகுப்பாய்வு அலுவலகம் 2023 டிசம்பரில் 6,800 கோடி பற்றாக்குறை என்றது. ஜனவரியில் ஆளுநர் 3,790 கோடி என்றார். எந்தக் குறைப்பை ஏற்கெனவே செய்ததாக எடுத்துக்கொள்வது என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம். இரண்டில் எதையும் பொய் என்று சொல்ல மாட்டேன்.

கவனமாக இருந்தும் ஒரு வாக்கு கைமீறியது. மெடிகால் என்ற மாநில மருத்துவ உதவியை, குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களில் மிச்சமிருந்த 26 முதல் 49 வயதினருக்கும் 2024 ஜனவரி முதல் தருவது என்று உபரி வருடமான 2022-ல் முடிவெடுத்தார்கள். எனக்கு அந்த முடிவு சரி என்றே படுகிறது. வயலில் தக்காளி பறிப்பவருக்கும் காய்ச்சல் வரும். ஆனால் அது ஆண்டுதோறும் வளரும் செலவு, எதிர்பார்த்ததைவிட வேகமாகவே வளர்ந்தது. 2026 ஜனவரியிலிருந்து ஆவணமில்லாத பெரியவர்களைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டே வருடம் திறந்திருந்த கதவு. கதவுக்கு வெளியே நிற்பவரிடம் பங்குச் சந்தை வரைபடத்தைக் காட்டி விளக்க முடியாது.

அப்படியானால் பணக்காரர் மேல் போடும் வரியைக் குறைத்து, எல்லோர் மேலும் சமமாகப் போட்டால் வரவு நிலையாகுமே என்பார்கள். 2009-ல் இதற்காக ஒரு ஆணையம் கூடி, அப்படித்தான் பரிந்துரைத்தது. வருமான வரியைத் தட்டையாக்கி, நிறுவனங்களின் நிகர வரவு மேல் புது வரி. அது நகரவே இல்லை, நகராததும் நல்லது என்பது என் கருத்து. ஏறி இறங்கும் வரி பத்து வருடச் சராசரியில் நிறையவே தருகிறது. அதை நிலையாக்க, மாதம் 3,000 டாலர் வாங்குபவரிடம் கூடுதலாகப் பிடுங்குவது வைத்தியம் ஆகாது. உண்மையில் நிலையான வரி என்றால் சொத்து வரிதான். அதை 1978-லேயே பதின்மூன்றாம் முன்மொழிவு கட்டிப்போட்டுவிட்டது: வாங்கிய மதிப்பில் 1 விழுக்காடு, மதிப்பை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. உங்கள் தெருவில் 1985-ல் வாங்கியவர் கட்டும் வரியையும் நீங்கள் கட்டும் வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதைத் தொட எந்த அரசியல்வாதிக்கும் துணிவில்லை.

பணக்காரர் வரி மட்டும்தான் இப்படி ஆடும் என்றும் இல்லை. அலாஸ்கா எண்ணெயை நம்பி 1980-ல் வருமான வரியையே ஒழித்தது. எண்ணெய் விலை சரிந்த பிறகு, 2016-ல் அங்குள்ள ஆளுநர் மக்களுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் பங்குத்தொகையைப் பாதியாக வெட்ட வேண்டி வந்தது.

ஆகவே சேமிப்புதான் வழி. ஏரியில் கலிங்கைத் தாழ்வாகக் கட்டினால் எவ்வளவு மழை பெய்தும் பயனில்லை, வந்த தண்ணீர் வழிந்தோடிவிடும். கலிபோர்னியா சேமநிதிக்கு இருக்கும் உச்சவரம்பு அப்படித்தான் இருக்கிறது. பொது நிதி வரியில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டாயமாகச் சேர்க்க முடியாது. 2022-ல் நிதி அந்த மட்டத்தைத் தொட்டுவிட்டது. ஒரே வருடத்தில் வருமான வரி 25 விழுக்காடு விழும் மாநிலத்துக்கு இது போதாது. இரட்டிப்பாக்கினாலும் நான் அதிகம் என்று சொல்ல மாட்டேன். இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. 1979-ல் வாக்காளர்கள் மாநிலச் செலவுக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். அந்தக் கணக்கில், சேமநிதியில் போடும் பணமும் செலவாகவே எண்ணப்படுகிறது! சேமிக்கும் அரசை இந்த விதி தண்டிக்கிறது. இரண்டையும் மாற்ற அரசமைப்புத் திருத்தம் வேண்டும், அதாவது உங்கள் ஓட்டு வேண்டும். நீங்கள் குடியுரிமை பெற்றவராக இருந்தால், இப்படி ஒரு முன்மொழிவு வாக்குச்சீட்டில் வரும்போது அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கடைசியாக, உங்களை இது எப்படிப் பாதிக்கும் என்று கேட்டீர்கள். ஆர்.எஸ்.யூ.வுக்குப் பிடிக்கும் 10.23 விழுக்காடு உங்கள் உண்மையான விகிதம் அல்ல. வருமானம் அதிகமான வருடத்தில் அதைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும், ஏப்ரலில் திடுக்கிடாதீர்கள். சம்பளத்தில் பிடிக்காத வருமானத்துக்கு முன்கூட்டியே கணக்கிட்டுக் கட்டும் மதிப்பீட்டு வரியைத் தவணையில் கட்டுபவராக இருந்தால் மாநிலப் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மத்திய அரசுக்கு நான்கு தவணையும் சமம், ஒவ்வொன்றும் 25 விழுக்காடு. கலிபோர்னியாவுக்கு ஏப்ரலில் 30, ஜூனில் 40, செப்டம்பரில் எதுவும் இல்லை, ஜனவரியில் 30. ஜூன் 30-ல் நிதியாண்டு முடிவதற்குள் கொஞ்சம் கூடுதல் பணம் கைக்கு வரட்டும் என்று 2009 நெருக்கடியையொட்டி மாற்றிய அட்டவணை அது. கைமாற்றுச் சீட்டுகளுக்கு எப்போதோ பணம் கொடுத்துவிட்டார்கள். அட்டவணை மட்டும் அப்படியே இருக்கிறது.